பின்னல் பிரியவில்லை

“டீச்சர், ஒண்ணு சிட்டம்மா இருக்கட்டும். இல்ல நான் இருக்கேன். ரெண்டு பேரும் ஒண்ணா சரிப்படாது.”

பவுனு சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. சிட்டம்மா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள்.

டீச்சர் நிறைமதிக்கு இருபத்திரண்டு வயது. பின்னல் கோலாட்டம் கற்க வந்த எட்டுப் பெண்களும் அவளைவிட மூத்தவர்கள். அவள் யாரையும் அதட்டுவதில்லை.

“என்னக்கா ஆச்சு?”

“என்ன ஆச்சா? நான் ஒரு தடவை பாத்தா பிடிச்சுக்கறேன். இவ நூறு தடவை பாத்தும் முழிக்கிறா. வர்ற வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல ஆடணும். ‘இந்த வயசுல ஆட்டம் கேக்குதா’ன்னு கேட்ட என் மாமியார், நாத்தனார் எல்லாம் முன்வரிசையில வந்து உக்காரும். அன்னிக்குக் கயிறு சிக்குச்சுன்னா சாகற வரைக்கும் எனக்கு இதே பேச்சுதான்.”

அவள் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது பொய் இல்லை. பவுனு அடுப்படியில் கரண்டியை வைத்துக்கொண்டு ஆடிப் பழகியவள். குழம்பைக்கூட ஒருமுறை தீய விட்டாள்.

சிட்டம்மா கையிலிருந்த கோலை உருட்டிக்கொண்டு நின்றாள்.

“ஆடலாமா?” என்றாள் நிறைமதி.

இதுதான் பதிலா? பவுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பத்தின் உச்சியிலிருந்து எட்டுக் கயிறுகள் தொங்கின. ஆளுக்கு ஒன்று. நாலு பேர் இப்படிச் சுற்ற வேண்டும், நாலு பேர் அப்படி. எதிரே வருகிறவளை உள்பக்கம் விட்டு, அடுத்தவளை வெளிப்பக்கம் விட்டுப் போனால், மேலே சடை மாதிரிப் பின்னிக்கொண்டு வரும். அப்படியே திருப்பி ஆடினால் பிரியும்.

அவ்வளவுதான். சொல்லத்தான் சுலபம்.

பவுனு முன்னால். சிட்டம்மா அவளுக்குப் பின்னால்.

“ஏய், கோலைத் தூக்கு!”

“ஏய், தூங்கறியா? காலை எடுத்து வை!”

பவுனு ஆடிக்கொண்டே திரும்பித் திரும்பிக் கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னல் கோணிக்கொண்டது.

“பாத்தீங்களா? பாத்தீங்களா டீச்சர்?”

எல்லோரும் சிட்டம்மாவைப் பார்த்தார்கள். வழக்கம் அப்படி.

“பிரிங்க,” என்றாள் நிறைமதி.

எல்லோரும் திரும்பி நின்றார்கள். இப்போது சிட்டம்மா முன்னால், பவுனு பின்னால். திருப்பி ஆடினார்கள். பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் இன்னும் இறுகியது.

“ஏணியப் போட்டு அவுத்துடலாமே,” என்றாள் தங்கப்பொண்ணு.

“கோயில்லயும் ஏணி போடுவீங்களாக்கா? எங்க தப்பு விழுந்துச்சோ, அங்க அதே தப்பைத் திருப்பிப் பண்ணுங்க. பிரியும். யாருக்கு ஞாபகம் இருக்கு?”

எல்லோரும் அண்ணாந்து முடிச்சைப் பார்த்தார்கள்.

சிட்டம்மா கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

“இங்கதான் டீச்சர். நான் பக்கம் மாத்திப் போயிட்டேன்.”

“அப்ப அப்படியே திரும்பி வாங்க.”

சிட்டம்மா குனிந்து, தங்கப்பொண்ணின் கயிற்றுக்கு அடியில் நுழைந்து வந்தாள். முடிச்சு இளகியது. அத்தனை பேரும் “ஆ!” என்றார்கள்.

நாலடி போனார்கள். மறுபடியும் இறுகியது.

“இன்னொண்ணா? எத்தனைடி வச்சிருக்க?” என்றாள் பவுனு. இரண்டு பேர் சிரித்தார்கள்.

“இது என்னுது இல்லக்கா.”

“பின்ன யாரோடதாம்?”

சிட்டம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கம்பத்து உச்சியைப் பார்த்தாள்.

“சொல்லேன். வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“உள்ள, வெளியன்னு சொன்னா எனக்கு மண்டையில ஏறாதுக்கா. நான் உங்க காலைப் பாத்துத்தான் ஆடறேன். நீங்க போற பக்கம் போவேன். அப்ப நீங்க என்னைத் திரும்பித் திட்டினீங்க...”

நிறுத்தினாள்.

“திட்டினேன். அதுக்கு?”

“திட்டிக்கிட்டே பக்கம் மாறிட்டீங்க. அதைப் பாத்துட்டுத்தான் எனக்கும் தடுமாறிப் போச்சு.”

“நானா?”

பவுனு சண்டைக்குத்தான் வாயைத் திறந்தாள். திட்டியது ஞாபகம் இருந்தது. என்ன சொல்லித் திட்டினோம் என்பதும் ஞாபகம் இருந்தது. கால் எங்கே போனது என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“தங்கப்பொண்ணு, நீ பாத்தியா?”

“எனக்கு என் கயித்தைப் பாக்கவே நேரம் போதல.”

“டீச்சர், நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப சொல்லுங்களேன்!”

“என்னை ஏன்க்கா கேக்கறீங்க?” என்றாள் நிறைமதி. போய்த் தண்ணீர் குடித்தாள்.

கயிற்றைப் பிடித்தபடி எட்டுப் பேரும் நின்றார்கள். கை வலித்தது. யாரும் விடவில்லை.

பவுனுக்குக் காது வரை சுட்டது. எதிரே சிட்டம்மாவின் முதுகு. வியர்த்து நனைந்திருந்தது. பவுனு கயிற்றைத் தளர்த்திப் பிடித்தாள்.

“சிட்டம்மா.”

“என்னக்கா?”

“நான் எந்தப் பக்கம் வரட்டும்?”