ஊசித் துளையும் உப்புத் தண்ணீரும்

ஸ்கேன் படம் படிக்கிற டாக்டர்கள் நோயாளியின் தலைக்குள் எல்லாம் பார்ப்பார்கள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். டாக்டர் முகுந்தனும் இருபது வருடமாக அப்படித்தான். குழந்தைகளின் மண்டையோட்டுப் படங்களைக் கற்றுக்கொள்ள இப்போது டாக்டர் ரெஜினாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். குரு அவரைவிட ஆறு வயது இளையவர். அதைப் பற்றி இருவருக்குமே கவலையில்லை.

அன்று காலை நஸ்ரின் என்ற ஆறு வயதுக் குழந்தையின் படம் வந்தது. மண்டையோட்டின் அடி எலும்பில், நட்டநடுவில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. இரண்டு வருடம் முன்பு இதே துளையைப் பார்த்து, பிறவியிலேயே அமைந்த அபூர்வ மாறுபாடு, கவலைப்பட ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் முகுந்தன்தான்.

அதற்கப்புறம் அவளுக்கு மூன்று தடவை மூளைக்காய்ச்சல். மூளையைச் சுற்றியுள்ள நீர் அந்தத் துளை வழியாகத் தொண்டைக்குள் கசிந்திருக்கிறது. அதே வழியில் கிருமி ஏறியிருக்கிறது. நாளைக்கு அதை அடைக்க ஆபரேஷன்.

முகுந்தன் தன் பழைய அறிக்கையையும் புதுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்படித் துளை இருக்கிற பெரும்பாலான குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லை, மேடம். இது கசியும்னு படத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?”

ரெஜினா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. அவகிட்டயே விசாரிச்சுட்டு வாங்க.”

குழந்தை முறுக்கு கடித்துக்கொண்டிருந்தது. முகுந்தன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“பாப்பா, குனிஞ்சா தொண்டையில தண்ணி மாதிரி வருதா?”

அவள் அவருடைய வாயையே பார்த்தாள். கொஞ்சம் சத்தமாக மறுபடி கேட்டார். அவள் முறுக்கை ஒடித்து, பாதியை அவரிடம் நீட்டினாள்.

பக்கத்திலிருந்த அவள் அம்மா ஆமினா மெதுவாகச் சொன்னாள்: “போன காய்ச்சல்ல ரெண்டு காதும் போயிருச்சு சார். குனிஞ்சா உப்புத் தண்ணி வருதும்மான்னு ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டேதான் இருந்தா. சளின்னு சிரப் குடுத்தாங்க. நானும் நம்பிட்டேன்.”

முகுந்தன் திரும்பி வந்து, கேட்டதை அப்படியே குருவிடம் சொன்னார். இப்போது அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டார்.

ரெஜினா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

“ரெண்டு வருஷமா அவ சொன்னதை முதல் வரியா எழுதுங்க.”

கையிலிருந்த பாதி முறுக்கை எங்கே வைப்பதென்று முகுந்தனுக்குத் தெரியவில்லை.