ஐந்தாவது கட்டத்தின் பூட்டு

“நாலு கட்டமும் பச்சை. அஞ்சாவதை மட்டும் ஏன் மேடம் பூட்டி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார் அருளப்பன்.

ஐம்பது வயதில் மென்பொருள் தொழிலுக்கு வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் மெஹ்ராஜ் அவர் மகள் வயதுக்காரர்.

ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு முறை ஒதுக்கும் பேக்கெண்ட், அதாவது திரைக்குப் பின்னால் ஓடும் மென்பொருள் அது. முதல் கட்டமாக, வேண்டியதை அருளப்பன் எழுதிக் கொடுத்தார். ஏஐ இயந்திரம் வேலைத் திட்டம் போட்டது, கோட் எழுதியது, டெஸ்டையும் தானே எழுதித் தானே தேறியது. டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்தாவது கட்டமான சர்வரில் ஏற்றுவதுதான் பாக்கி. அதற்கு மெஹ்ராஜ் பூட்டைத் திறக்க வேண்டும்.

“என் வீட்டுக்காரி அங்க விடியக்காலையிலேயே போய் வரிசையில நிக்கிறா மேடம். இது வந்துட்டா நிக்க வேண்டாம்.”

“மதினியைப் பதியுங்க.”

பதிந்தார். ரெஜினா, திங்கட்கிழமை காலை. தன் போன் நம்பரையே கொடுத்தார்.

“அவங்ககூட ஆட்டோவில யார் வருவா?”

“பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா. அவங்களுக்கும் டயாலிசிஸ்தான். போன் கிடையாது. யார் கேட்டாலும் என் நம்பரைத்தான் கொடுப்பாங்க.”

“அவங்களையும் பதியுங்க.”

பதிந்தார். பச்சை.

“இப்ப மதினியைத் தேடுங்க.”

தேடினார். ரெஜினா இல்லை. அவள் இருந்த இடத்தில் பாக்கியம் இருந்தார்.

அருளப்பன் மறுபடி தேடினார்; அப்போதும் பாக்கியம்தான். ஒரு முறை தவறினால் ரெஜினாவுக்கு மூச்சு முட்டும். அதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

“டெஸ்ட் எல்லாம் தேறிச்சே மேடம்?”

“நீங்க எழுதிக் கொடுத்ததை வெச்சுத்தானே அண்ணே அதையும் எழுதுச்சு.”

அருளப்பன் முதல் கட்டத்தைத் திறந்தார். ‘நோயாளியைப் போன் நம்பரை வைத்து அடையாளம் காண வேண்டும்.’ அவரே எழுதிய வரி.

ஆளுக்கொரு தனி எண் என்று திருத்தினார். இயந்திரம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. இந்தத் தடவை ரெஜினாவும் பாக்கியமும் அடுத்தடுத்து இருந்தார்கள்.

“ரொம்ப நன்றி மேடம். அவ உசிரைக் காப்பாத்திக் கொடுத்திருக்கீங்க.” சற்று முன்பு அவர் மனதுக்குள் திட்டிய அந்தப் பூட்டைக்கூடக் கும்பிடலாம் போலிருந்தது.

மெஹ்ராஜ் பூட்டைத் திறந்தார். “அமுக்குங்க அண்ணே.”

அருளப்பனின் விரல் பட்டன் வரை போய் நின்றது.

“கொஞ்சம் இருங்க மேடம். எந்தப் போன் நம்பருமே கொடுக்க முடியாத ஒருத்தரைப் பதிஞ்சு பாத்துடறேன்.”

மெஹ்ராஜ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பூட்டைத் திறக்கும் உரிமையை அருளப்பன் பெயருக்கு மாற்றினார்.