ரோபோ கையில் ரோஜா மாலை

திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில், சின்னத் துளை வழியாகவே ஆபரேஷன் செய்யும் ரோபோ ஒன்றைப் பெரிய டாக்டர் வேதாசலம் விழா எடுத்துத் திறந்து வைத்தார். மறுநாளே அது குறி தவறியது. நிமிர்த்தி வைத்த பயிற்சி ரப்பரில் புள்ளி ஓரிடத்தில் இருக்க, ஊசி இரண்டு மில்லிமீட்டர் மேலே குத்தியது. குடலில் அப்படிக் குத்தினால் ஆள் பிழைக்க மாட்டான். முதல் நோயாளிக்கோ நாளைக் காலையில் ஆபரேஷன்.

பழி, ஆபரேஷன் தியேட்டரைத் துடைக்கும் அமலோற்பவத்தின் மேல் விழுந்தது.

"நீதான் துடைக்கும்போது இடிச்சிருக்கே. சாயங்காலத்துக்குள்ள ஊசி புள்ளியில இறங்கணும். இல்லேன்னா வேலைக்கு வராதே" என்றார் டாக்டர்.

"சரிங்க சார். விழாவுக்கு வாங்கின மாதிரியே ஒரு ரோஜா மாலை வேணும். அதே கனத்துல."

நர்சுகள் சிரித்தார்கள். மாலை வந்ததும் அமலோற்பவம் அதை ரோபோவின் கையில் மாட்டினாள். டாக்டர் இயக்கினார். ஊசி புள்ளியின் நடுவில் இறங்கியது.

"எப்படி?"

"விழா அன்னைக்கு மிஷினுக்கு அளவு வைக்கும்போது, அது கையில போட்ட மாலையைக் கழட்டணும்னு கம்பெனி இன்ஜினியர் கெஞ்சினாரு. போட்டோவுக்கு அழகா இருக்கும்னு நீங்கதான் விடல. மாலைக் கனத்தோட அளவு வச்சாங்க, கழட்டினதும் கை மேலே தூக்குது. வெறுங்கையில மறுபடி அளவு வச்சா சரியாயிடும்."

அமலோற்பவம் சுவரில் இருந்த விழாப் படத்தைத் துடைத்தாள். அதில் ரோபோவுக்குப் பக்கத்தில், கழுத்து மறைய ஏழு மாலைகளோடு டாக்டர் நின்றிருந்தார்.

"பாவம் சார் மிஷினு. ஒரே ஒரு மாலைக்கே அதுக்குத் தலைகால் புரியல."