பாறைக்கு வராத நேயர்கள்

மூங்கில் காட்டின் நடுவே ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் உச்சியில் நின்று ஒரு மைனா தினமும் காலையில் பேசும். எந்த ஓடையில் தண்ணீர் இருக்கிறது, எந்த அத்தி பழுத்திருக்கிறது, புலி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சேதி சொல்லும். நடுநடுவே பாட்டும் பாடும். விலங்குகள் எல்லாம் பாறையடியில் கூடிக் கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் மயில் ஒன்று புல்வெளியில் ஆடத் தொடங்கியது. அந்தத் தோகையைப் பார்த்தவர்கள் அப்புறம் பாறைப் பக்கமே வரவில்லை.

மயிலின் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ப்பது நரியின் வேலை. வருகிறவர்கள் கொண்டுவரும் பழங்களில் பாதி அதன் வயிற்றுக்குத்தான் போகும். அது மைனாவிடம் வந்தது.

"பாறையைக் காலி செய்! மயில் இதன்மேல் ஏறி ஆடினால் காடே பார்க்கும்!"

"முடியாது! நான் பேச வேண்டும்!"

"யாரிடம்? பாறையடியில் ஒரு ஓணான்கூட இல்லையே!"

மறுநாள் காலையிலும் மைனா பேசியது. வெறும் புல்லைப் பார்த்துப் பேசியது.

அந்தச் சமயத்தில்தான் சிலந்தி ஒன்று மரத்துக்கு மரம் இழை கட்டிக் காடு முழுவதும், பக்கத்து மலை தாண்டியும் வலை பின்னியிருந்தது. இழையில் வாய் வைத்துப் பேசினால் தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கும். பாறையில்தான் எல்லா இழைகளும் வந்து சேர்ந்தன.

"அக்கா, என் இழையில் பேசிப் பாருங்களேன்!" என்றது சிலந்தி.

மைனா வழக்கம்போல் தொண்டை கிழியக் கத்தியது.

"ஐயோ, கத்தாதீர்கள்! அந்த முனையில் கூட்டம் இல்லை. ஒரே ஒரு காதுதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசுங்கள்!"

அது எளிதாக இல்லை. மெதுவாகப் பேசினால் மைனாவுக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது. ஆனாலும் விடாமல் பழகியது. பல காலைகள் இழை அசையவே இல்லை. பிறகு ஒருநாள் மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"நான் தூக்கணாங்குருவி. முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன், ஆட்டம் பார்க்க எழுந்து போக முடியாது. நீங்கள் பேசினால் பொழுது போவதே தெரியவில்லை. நாளைக்கும் பேசுவீர்களா?"

"பேசுவேன்!" என்றது மைனா. அன்று முழுக்க அதற்குப் பசியே எடுக்கவில்லை.

அதன்பிறகு மைனா ஒருநாள்கூட நிறுத்தவில்லை. அடைகாப்பவர்களுக்குக் கதை சொன்னது. மண் தோண்டுபவர்களுக்குத் தாளம் போட்டுப் பாடியது. வேறு யாராவது கேட்கிறார்களா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

நரி பொறுமை இழந்தது. காட்டுத் தலைவரான யானையைப் பாறைக்கு அழைத்து வந்தது. மயிலும் கூடவே வந்தது.

"மைனா, உன் நேயர்களைக் கூப்பிடு. அவர்கள் வந்தால் பாறை உனக்கு. வராவிட்டால் மயிலுக்கு!" என்றது யானை.

மைனா இழையில் கூப்பிட்டது. வெயில் ஏறியது. யாரும் வரவில்லை.

"பார்த்தீர்களா தலைவரே!" என்று நரி குதித்துப் பாறைமேல் ஏறியது.

மைனா இடத்தை விட்டு நகரவில்லை. "தலைவரே, வராதவர்கள் எல்லாம் கேட்காதவர்கள் இல்லை. இன்னும் ஒரே ஒருமுறை பேச விடுங்கள்!"

யானை தலையசைத்தது. மைனா இழையில் வாய் வைத்தது.

"அன்பு நேயர்களே, நீங்கள் வர வேண்டாம். வேலையைப் பாருங்கள். நான் பேசுவது கேட்டால், பக்கத்தில் இருக்கும் இழையை ஒருமுறை இழுங்கள். அது போதும்."

ஓர் இழை லேசாக ஆடியது. அடுத்து இன்னொன்று. பிறகு வளைகளிலிருந்தும் பொந்துகளிலிருந்தும் பக்கத்து மலையிலிருந்தும் இழுத்த இழுப்பில் வலை முழுதும் குலுங்கியது! வலையில் தங்கியிருந்த மழைநீர் எல்லாம் நரியின் தலையில் கொட்டியது.

"முள்ளம்பன்றி பேசுகிறேன்! கிழங்கு தோண்டும்போது உங்கள் பாட்டுத்தான் துணை!"

"நான் கரடி! குட்டி முதுகில் தூங்குகிறது. எப்படி வருவேன்?"

"மலை தாண்டிக் குடிபோன கேளைமான் நான்! நம் காட்டுச் சேதியை இங்கே வேறு யார் சொல்வார்கள்?"

மயில் தலையைக் குனிந்துகொண்டது. "காலையில் தோகை கோதும்போது நானும் கேட்கிறேன். எனக்குப் புல்வெளியே போதும்," என்றது.

யானை சிரித்தது. "பாறை மைனாவுக்கே!"

நரி ஈரத்தை உதறிக்கொண்டு புதருக்குள் ஓடியது. மைனா அன்றைய சேதியைச் சொல்லத் தொடங்கியது.

பழைய வழி அடைபட்டாலும் குரலை விட்டுவிடாமல் புது வழி தேடிப் பேசுகிறவருக்கு, கேட்கும் காதுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் காத்திருக்கும்.