சுக்கு யார் வீட்டில் இருக்க வேண்டும்?

நாகர்கோவிலில் நடந்த கதை இது. சொல்வது என் வேலை, முதல் தீர்ப்பு உங்களுடையது.

எஸ்தரின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. மகள் பெர்சிஸுக்கு ஒன்பது வயது, மகன் ஆசீருக்கு நான்கு. ஆசீருக்கு எப்போதாவது வலிப்பு வரும். வருமுன் ஓர் அறிகுறியும் தெரியாது. நாலு வருடமாக எஸ்தர் அவனைக் கண்ணிமைக்காமல் பார்த்தே பழகிவிட்டாள்.

பிள்ளைகள் நாய் கேட்டார்கள். எந்த இனம் ஒத்துவரும் என்று கணவர் ஜெபராஜ் ஒரு மாதம் விசாரித்தார். பக் வேண்டாம், வெயிலில் மூச்சிரைக்கும். டாஷ்ஹண்ட் வேண்டாம், அந்த நீண்ட முதுகு மாடிப்படி ஏறி இறங்கினால் கெட்டுவிடும். ஸ்பிட்ஸ் நம் ஊர் வெயிலைத் தாங்கும், பிள்ளைகளோடும் ஒட்டிக்கொள்ளும் என்று முடிவானது. "எந்தக் குட்டி என்று நீதான் சொல்ல வேண்டும்" என்று பெர்சிஸுக்கு வாக்கும் கொடுத்தார்.

ஞாயிறு மாலை, ஸ்பிட்ஸ் குட்டிகள் வளர்த்து விற்கும் ஞானசெல்வியின் வீட்டுக்குப் போனார்கள். தன் செருப்பு வாரைக் கடித்த வெள்ளைக் குட்டியைப் பெர்சிஸ் வாரி எடுத்துக்கொண்டாள். ஆசீர் மற்ற குட்டிகளைத் துரத்தி, துணி துவைக்கும் கல்லைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

வாசலில் படுத்திருந்த கிழ டாஷ்ஹண்ட் ஒன்று சட்டென எழுந்தது. அதன் பெயர் சுக்கு. நேரே வந்து ஆசீரின் காலுக்குக் குறுக்கே நின்று முனகியது. அவன் விலகினால் அதுவும் விலகி மறித்தது. முழங்காலில் முட்டி மணலில் உட்கார வைத்தது. ஜெபராஜ் அதை விரட்டக் கையோங்கினார்.

"அடிக்காதீங்க!" ஞானசெல்வியின் முகம் வெளிறியிருந்தது. "பிள்ளைக்கு வலிப்பு உண்டா?"

அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எஸ்தர் "உண்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆசீரின் கண்கள் மேலே செருகின. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தால் தலை அந்தக் கல்லில்தான் மோதியிருக்கும். எஸ்தர் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வலிப்பு இரண்டு நிமிடம் நீடித்தது. சுக்கு அவன் முதுகை ஒட்டிப் படுத்தது, அசையவே இல்லை.

எஸ்தர் சுக்குவின் தலையைத் தடவினாள். எந்த டாக்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாததை இந்த முழங்கால் உயர உயிர் சொல்லிவிட்டதே!

"எந்தம்பிக்கும் இதே நோய்தான்" என்றாள் ஞானசெல்வி. "ஒம்பது வருசம் அவன் கட்டிலடியிலயே கெடந்தா இவ. போன வருசம் அவனும் போய்ட்டான். இப்ப நானும் இவளுந்தான்." கழுத்துவாரை எடுத்து எஸ்தரின் கையில் வைத்தாள். "கொண்டு போங்கம்மா. பிள்ளைக்குக் காவலா இருக்கட்டு."

பெர்சிஸ் வெள்ளைக் குட்டியைக் கீழே விட்டாள். "எனக்கு இது வேண்டாம்மா. தம்பிக்கு சுக்குதான் வேணும்."

"கீழ்வீடா பாத்து மாறிடலாம்" என்றார் ஜெபராஜ்.

ஆசீர் கண் விழித்தான். அவன் சிரித்ததும் சுக்கு எழுந்து, மெல்ல நடந்து போய், ஞானசெல்வியின் பாதத்தின்மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. எஸ்தர் அதைப் பார்த்தாள். பிறகு கழுத்துவாரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இவ இங்கயே இருக்கட்டும், அக்கா."

"தம்பிக்குத் திரும்ப வந்தா?" பெர்சிஸ் அழுதாள். எஸ்தர் வெள்ளைக் குட்டியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

சொல்லுங்கள்: தனக்கிருந்த ஒரே துணையைத் தர வந்த ஞானசெல்வியா, ஆசைக் குட்டியை விட்டுக்கொடுத்த பெர்சிஸா, வேண்டாமென்ற எஸ்தரா? யார் செய்தது சரி?

விடை: மூவர் மனமும் பெரியது, சரியாகச் செய்தவள் எஸ்தர். சுக்கு அறிந்தது இனத்தால் வந்த அறிவாகத் தெரியவில்லை. ஒரு நோயாளியின் அருகில் ஒன்பது வருடம் கிடந்ததால் வந்தது. கிழ நாயை அதன் கடைசி மனுஷியிடமிருந்து பிரித்தால் அந்த அறிவும் கூடவே வரும் என்று யார் சொல்ல முடியும்? அதை நம்பித் தாய் கண்ணயர்ந்தால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அன்று வெள்ளைக் குட்டிதான் மாடியேறியது. அது சரி, வலிப்பு வருமுன் சுக்கு எதை உணர்ந்தது என்கிறீர்களா? அது சுக்குவுக்குத்தான் தெரியும்.