ஜமீன்தார் படத்துக்குப் புதுப் பாராட்டு

ஜமீன்தார் ஒரு படம் வரைந்துவிட்டால் சபையில் இருப்பவர்களுக்குக் கண்டம்தான். ஒருவர் பாராட்டிய வார்த்தையை இன்னொருவர் சொன்னால் வேலை போய்விடும்.

அன்றைக்குப் புலவர், "என்ன நளினம்!" என்றார். கணக்குப்பிள்ளை, "கோட்டில் உயிரோட்டம்!" என்றார். வைத்தியர், "வண்ணங்கள் பேசுகின்றன!" என்றார். கடைசியில் விசிறி வீசும் வேலாத்தாளின் முறை வந்தது.

"புதுசா ஏதாவது சொல்லு," என்று அதட்டினார் ஜமீன்தார்.

"படத்துல இருக்கறது என்னன்னு தெரிஞ்சா சொல்லீருவேனுங்க எசமான். ஐயாமாருக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுச் சொல்லுங்க."

ஜமீன்தார் அவர்கள் பக்கம் திரும்பினார். "மயில்," என்றார் புலவர். "குதிரை," என்றார் கணக்குப்பிள்ளை. வைத்தியர் இருமத் தொடங்கினார்.

ஜமீன்தார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் படத்துக்காக ஒரு வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.