சொந்தத் தெருவில் பிட்சை

அருளம்மையின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கட்டுவதற்கு முன்னால் சீடர் ஒரே ஒருநாள், தான் குடியிருந்த தெருவிலேயே பிட்சை எடுக்க வேண்டும். வேறு தெரு செல்லாது.

தில்லைநாயகம் மூன்று மாதமாக இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒருநாள் தலைவலி, ஒருநாள் மழை, ஒருநாள் அஷ்டமி. மனிதர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவான அருளம்மையைவிட இருபது வயது மூத்தவர். அவர் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். அந்தத் தெருவில் போய்த் திருவோட்டை நீட்டுவதா?

"ஊரே சிரிக்கும் அம்மா," என்றார்.

"சிரிக்கட்டுமே ஐயா. முப்பது வருஷம் பிரம்பை வச்சுக்கிட்டு சிரிக்க விடாம பண்ணினீங்க."

"விளையாடாதீங்கம்மா. என் மானமே போயிடும்."

"அப்படின்னா வீட்டுக்குக் கிளம்பிடுங்க. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவருக்குச் சுருக்கென்றது. வீடு இருக்கிறதுதான். ஆனால் இந்த மடத்தைத் தவிர வேறெங்கும் அவர் மனசு ஒட்டாது. மறுநாள் காலையில் திருவோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தார். ஓடு நிறைந்திருந்தது. முகம்தான் ஒரு மாதிரியாக இருந்தது.

"யார் யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அருளம்மை.

"அதாம்மா எனக்கும் புரியலை. என்னைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலை. எதிர்வீட்டு செண்பகவல்லி, 'ஐயோ சார், இன்னிக்குன்னு பார்த்து குழம்பு அடிப்பிடிச்சிருச்சு, தப்பா நினைச்சுக்காதீங்க'ன்னு கையைப் பிசைஞ்சாங்க. வக்கீல் சபாபதி என்கிட்டப் படிச்சவன். கதவைத் திறந்ததும் உள்ளே ஒரே ஓட்டம். சட்டையை மாட்டிக்கிட்டு வந்து, 'பனியன் கிழிசல், மன்னிச்சுக்குங்க சார்'னான். கடைசி வீட்டுல ஒரு பொண்ணு வாசலை மறிச்சு நின்னுக்கிட்டே சோறு போட்டுச்சு. வீடு கிடக்கிற கிடையை நான் பார்த்துடக் கூடாதாம்!"

அருளம்மை கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓட்டிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"அடிப்பிடிச்ச வாடை இருக்கத்தான் இருக்கு. குழம்பைப் பார்த்து உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"குழம்பையா? அதை யார் பார்த்தா! மூஞ்சியை எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியாம நின்னேன்."

"வக்கீலோட பனியன்?"

"நான் தலையே நிமிரலையேம்மா."

"அடப் பாவமே!" என்றார் அருளம்மை. "சாப்பிட்டுட்டு இன்னொரு நடை போயிட்டு வந்துடுங்க ஐயா. நான் ஒண்ணையுமே பார்க்கலைன்னு அவங்ககிட்டச் சொல்லிடுங்க. இல்லைன்னா இன்னிக்கு மூணு பேருக்கும் தூக்கம் வராது."